ஜனவரியில் வெட்டினால் நவம்பரில் எப்படிப் பூக்கும்?

இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் அக்கா ஒருவர் கேட்டிருந்தார். மகன் ஆஸ்திரேலியாவில், மெல்பர்னுக்கு மேற்கே உள்ள பல்லாரட்டில் வீடு வாங்கி 3 வருஷமாகிறது. பழைய வீட்டுக்காரர் பின்பக்கத் தோட்டத்தில் 4 பியோனிச் செடிகளை, பெரிய பூப் பூக்கும் குளிர்நாட்டுச் செடிகள், விட்டுவிட்டுப் போயிருக்கிறார். முதல் நவம்பரில் 20 பூவுக்கு மேல் பூத்தது. போன நவம்பரில் எண்ணி 2. புல் வெட்ட வருகிறவர் பூ முடிந்த கையோடு, ஜனவரியிலேயே, எல்லாவற்றையும் தரையோடு தரையாக வெட்டிவிட்டுப் போகிறாராம். யூடியூபில் பார்த்தால் அக்டோபரில் வெட்டு என்கிறார்கள். இந்த வருஷம் வெட்ட வேண்டாம் என்று மகன் நிறுத்தி வைத்திருக்கிறார். அக்கா ஏப்ரலில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறார், ஜூன் வரை அங்கேதான். எப்போது வெட்டுவது, எப்படி வெட்டுவது, நாலில் ஒன்று மட்டும் குச்சி குச்சியாக நிற்கிறதே அதையும் வெட்டலாமா, திரும்பி வரும்போது ஒரு கிழங்கைக் கொண்டுவந்து காரிடாரில் வைக்கலாமா என்று கேட்கிறார்.

நான் 20 வருஷத்துக்கு மேல் இங்கே லேண்ட்ஸ்கேப் வேலையில் இருந்தவன். மேம்பாலத்துக் காகிதப்பூவை வெட்டி வெட்டியே கை காய்த்துப்போனது. பியோனி பழக்கமானது மகள் இங்கிலாந்தில், ஷெஃபீல்டில் இருந்த காலத்தில். மாதக்கணக்கில் போய்த் தங்குவேன், சும்மா இருக்க முடியாமல் தோட்டத்தில் இறங்குவேன். ஒரு செடியைக் கெடுத்த பிறகுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அந்தக் கதை பிறகு.

முதலில் அந்த ஜனவரி வெட்டு. அக்கா, உங்கள் பூ குறைந்ததற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். பொங்கலுக்குத் தேக்காவில் மஞ்சள் கொத்து வாங்குவீர்களே, அந்த மஞ்சள் செடியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இலை பச்சையாக நிற்கும்வரை கீழே கிழங்கு பருத்துக்கொண்டே இருக்கும். இலை தானாகக் காய்ந்து சாய்ந்த பிறகுதான் தோண்டுவார்கள். பாதியில் இலையை அறுத்தால் கிழங்கு சூம்பிப்போகும். சாதாரண பியோனியும் இந்த வகைதான். பூ முடிந்ததும் செடியின் வேலை முடிந்துவிட்டது என்று நமக்குத் தோன்றும். உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை அந்த இலைகள் வெயிலைப் பிடித்து, வேருக்குச் சாப்பாடு அனுப்பி, அடுத்த வருஷத்து முளைகளைத் தூரில் உருவாக்குகின்றன. ஜனவரியில் வெட்டினால் அந்த முளை பால் கிடைக்காத குழந்தை மாதிரி ஆகிவிடும். செடி சாகாது, முளைக்கும், இலை விடும், பூ மட்டும் வராது. 2 வருஷம் தொடர்ந்து இப்படி நடந்திருப்பதால், இந்த வருஷம் நிறுத்தியதும் வரும் நவம்பரிலேயே 20 பூ வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேர் தேற ஒன்றிரண்டு வருஷம் பிடிக்கும்.

புல் வெட்டுகிறவரைக் குறை சொல்லவும் முடியாது. பூ போன பியோனி இலை, கொஞ்ச நாளில் புள்ளி விழுந்து, ஓரம் கருகி, மழையில் சாய்ந்து, பார்க்கக் குப்பை மாதிரிதான் இருக்கும். சுத்தம் செய்வதுதானே அவர் வேலை.

அடுத்தது அந்த அக்டோபர் குழப்பம். யூடியூபில் சொல்கிறவர் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். அவருக்கு அக்டோபர் இலையுதிர்காலம். பல்லாரட்டில் அக்டோபர் என்றால் வசந்தம், மொட்டு பருத்துக்கொண்டிருக்கும் மாதம். அந்தப் பேச்சைக் கேட்டு அங்கே அக்டோபரில் கத்தரி எடுத்தால் வருகிற பூவையே வெட்டியதாகும். ஆறு மாதம் தள்ளிக் கணக்குப் போடுங்கள்: அவர்களுடைய அக்டோபர் உங்கள் மகனுக்கு ஏப்ரல். அதைக்கூட நான் காலண்டரைப் பார்த்துச் செய்ய மாட்டேன், இலையைப் பார்த்துத்தான் செய்வேன். நீங்கள் ஏப்ரல் நடுவில் போய் இறங்கும்போது பாதி இலை இன்னும் பச்சையாக இருக்கலாம். அப்படியே விட்டுவிடுங்கள். மே மாதத்தில் உறைபனி ஒன்றிரண்டு முறை விழுந்ததும் இலையெல்லாம் பழுப்பாகி, தண்டு துவண்டு தரையில் படுக்கும். அதுதான் நேரம். ஒரு வாரம் முன்னே பின்னே போனால் ஒன்றும் ஆகாது.

சரி, வெட்டும் முறை. கத்தரி கூர்மையாக இருக்க வேண்டும். சமையலறைக் கத்தரிக்கோலைக் கொண்டு போகாதீர்கள், தண்டை நசுக்கிவிடும். ஒரு துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டு இரண்டு அலகையும் துடைத்துக்கொள்ளுங்கள், ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போதும் துடையுங்கள். ஒவ்வொரு தண்டாகப் பிடித்து, மண்ணுக்கு மேலே இரண்டு விரல் அகலம் விட்டு வெட்டுங்கள். 3 முதல் 5 சென்டிமீட்டர் அடிக்கட்டை நின்றால் போதும். கையால் பிடித்துப் பிடுங்க வேண்டாம். சில தண்டுகள் இழுத்தால் சுலபமாக வந்துவிடும், ஆனால் கூடவே தூரிலிருந்து ஒரு துண்டு முளையும் பெயர்ந்து வரும்.

வெட்டி முடித்ததும் குனிந்து, விரலால் மேல்மண்ணை லேசாகத் தள்ளிப் பாருங்கள். தண்டுகளுக்கு நடுவே இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ, பால்பல் முளைப்பது போல, கூராகச் சில முளைகள் தெரியும். இஞ்சியில் ஒரு ஓரமாக முளை கிளம்புமே, அதேபோல. நவம்பரில் வரப்போகிற தண்டும் இலையும் பூவும் அதற்குள்தான். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், பியோனியை எவ்வளவு தாழ வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்த்துவிட்டு மண்ணைத் திரும்ப மூடிவிடுங்கள், மெல்லியதாக.

அந்த மண்ணின் கனத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பூ குறைவதற்கு இரண்டாவது பெரிய காரணம் அது. முளைக்கு மேல் 3, மிஞ்சிப்போனால் 5 சென்டிமீட்டர் மண்தான் இருக்கலாம். குளிரடிக்குமே பாவம் என்று நம் பாசத்தைக் காட்டி எருவையும் மரத்தூளையும் தூரின்மேல் குவித்தால், பச்சைப்பசேலென்று இலை வரும், பூ வராது. பியோனிக்குக் குளிர் வேண்டும். அதைப் போர்த்திவிடக் கூடாது. மூடாக்குப் போடத்தான் வேண்டும் என்றால் தூரைச் சுற்றி வளையமாகப் போடுங்கள். உங்கள் மகன் 3 வருஷமாக ஒவ்வொரு குளிர்காலமும் எரு கொட்டியிருந்தால், அதைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

வெட்டிய இலை தண்டெல்லாம் குப்பைக்குப் போக வேண்டும், மக்கு உரக் குழிக்குப் போகக் கூடாது. பியோனிக்கு வரும் வழக்கமான நோய் போட்ரைட்டிஸ் என்கிற சாம்பல் பூஞ்சணம். பழைய இலையிலும் அடிக்கட்டையிலும் குளிர்காலம் முழுக்க ஒளிந்திருந்து, வசந்தத்தில் புதுத் தளிரைப் பிடிக்கும். ஒரு சாண் வளர்ந்த தளிர் திடீரென்று தலை தொங்கும், அடியில் கறுத்திருக்கும். இல்லாவிட்டால் மொட்டு பட்டாணி அளவிலேயே பழுப்பாகி நின்றுவிடும், மேலே சாம்பல் பூத்தமாதிரி இருக்கும். அப்படிக் கண்டால் காலம் நேரம் பார்க்க வேண்டாம், கறுப்புக்குக் கீழே நல்ல தண்டு வரும் இடத்தில் அன்றே வெட்டி, பையில் கட்டிப் போடச் சொல்லுங்கள். கோடையின் கடைசியில் இலைமேல் மாவு தூவினாற்போல் வெள்ளையாக வருவது வேறு, அது சாம்பல் நோய். பார்க்கத்தான் அசிங்கம், பெரிய கெடுதி செய்யாது.

இனி அந்தக் குச்சிச் செடி. அக்கா, இதை மட்டும் நன்றாகக் கேளுங்கள்: அதைத் தரையோடு வெட்டவே வெட்டாதீர்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது மரப் பியோனியாக இருக்க வேண்டும். உங்கள் புளோக்கில் சீனப் பாட்டி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவர்கள் மொழியில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது. தூராக வந்து குளிரில் மறைவது ஷாவ்யாவ், கட்டையாக நிற்பது மூதான். சீனாவில் லுவோயாங் நகரம் பெயர் பெற்றது இந்த மூதானால்தான். சீன, மலாய்ப் பண்பாடு கலந்த நம் பெரனாக்கன் மக்களின் பீங்கான் பானைகளில் பீனிக்ஸ் பறவையோடு கொத்தாக ஒரு பூ வரைந்திருப்பார்களே, அதுவும் பியோனிதான். ஆர்மீனியன் தெருவில் இருக்கும் பெரனாக்கன் அருங்காட்சியகத்துக்குப் போனால் நிறையப் பார்க்கலாம்.

மூதான் குணத்தில் மஞ்சள் மாதிரி இல்லை, நம் செம்பருத்தி மாதிரி. கட்டைத் தண்டு வருஷா வருஷம் அப்படியே நிற்கும், இலை மட்டும் உதிரும். அடுத்த பூவுக்கான மொட்டு மண்ணுக்குள் இல்லை, குச்சியின் மேலேயே, பழைய இலைக்காம்பு விழுந்த இடத்தில் தடித்து உட்கார்ந்திருக்கும். அதைத் தரையோடு வெட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானே செய்தேன். ஷெஃபீல்டில் முதல் இலையுதிர்காலம். மகள் வேலைக்குப் போயிருந்தாள். சாதாரண பியோனி இரண்டை ஒழுங்காக வெட்டிவிட்டு, அதே வேகத்தில் பக்கத்தில் நின்ற குச்சிகளையும் காய்ந்துவிட்டது என்று நினைத்து அடியோடு எடுத்துவிட்டேன். வேலை சுத்தம் என்று எனக்கே ஒரு பெருமை. மருமகன் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் போடட்டுமா மாமா என்று மட்டும் கேட்டார். அவர் அம்மா கொடுத்த செடி என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். வசந்தத்தில் அடியிலிருந்து தளிர் வந்தது, அப்பாடா என்றிருந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பூத்தபோது, தட்டு அகலத்துக்கு வெள்ளையாகப் பூத்துக்கொண்டிருந்த செடியில் ஏதோ ஒரு சிறிய சிவப்புப் பூ வந்தது.

காரணம் ஒட்டு. மரப் பியோனிகளைப் பெரும்பாலும் சாதாரண பியோனியின் வேரில் ஒட்டுக் கட்டித்தான் விற்பார்கள். மேலே இருப்பதை முழுக்க எடுத்துவிட்டால் கீழே இருக்கும் வேர்ச்செடி தன் சொந்தத் தளிரை அனுப்பும். இப்போதுகூட உங்கள் மகன் வீட்டுக் குச்சிச் செடியின் அடியில், மண்ணுக்குள்ளிருந்து வேறு மாதிரி இலையோடு, நிறமும் பளபளப்பும் மாறி, மெல்லிய பச்சைத் தண்டு வந்திருந்தால் அது அந்த வேர்ச்செடியின் கன்றுதான். கொஞ்சம் மண்ணைத் தோண்டி, கிளம்பும் இடத்திலேயே எடுத்துவிட வேண்டும். மேலாக வெட்டினால் ஒன்றுக்கு இரண்டாக வரும்.

அப்படியானால் மூதானுக்குக் கவாத்தே கிடையாதா என்றால், உண்டு, ரொம்பக் குறைவு. குளிர் முடியும் தறுவாயில், பல்லாரட்டில் ஆகஸ்டு கடைசி வாக்கில், மொட்டுகள் உப்பத் தொடங்கியதும் எது உயிருள்ள குச்சி, எது செத்த குச்சி என்று பார்த்தாலே தெரியும். சந்தேகமாக இருந்தால் நகத்தால் லேசாகக் கீறுங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர். செத்ததை, உயிருள்ள மொட்டுக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் பார்த்த மொட்டாகப் பார்த்து வெட்டினால் போதும். நீங்கள் அப்போது அங்கே இருக்க மாட்டீர்கள், மகனிடம் சொல்லிவிட்டு வாருங்கள். மேயில் நீங்கள் செய்ய வேண்டியது காய்ந்து தொங்கும் இலைகளைக் காம்போடு கிள்ளிப் போடுவது மட்டும்.

ஒரு மூன்றாவது வகையும் இருக்கிறது. ஜப்பானில் தோயிச்சி இதோ என்பவர் 1948-இல் இந்த இரண்டையும் இனம் கலந்தார். பூத்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, அதற்குள் இறந்துவிட்டார். அவர் பெயரிலேயே இன்று இதோ பியோனி என்று விற்கிறார்கள், மஞ்சள் நிறப் பூக்கள் இதில் பிரபலம். இது சாதாரண பியோனி போலவே குளிரில் வாடும், ஆனால் அடித்தண்டு கொஞ்சம் கட்டையாகி நிற்கும், அந்தக் கட்டையிலும் மொட்டு இருக்கும். அதனால் இரண்டு விரல் கணக்கு இதற்குச் சரிவராது, சுமார் அரைச் சாண், 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டுவார்கள். உங்கள் மற்ற மூன்று செடிகளில் ஏதாவது ஒன்றின் அடித்தண்டு கையால் மடக்கும்போது துவளாமல் கட்டையாக எதிர்த்தால், தாழ வெட்டாமல் இப்படி உயரமாக விட்டுவிடுங்கள். கூடுதலாக விட்டதால் எந்தச் செடியும் கெட்டதில்லை.

பூக்காலத்தில் மகன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒரு தண்டின் நுனியில் பெரிய மொட்டும் அதன் கீழே பக்கவாட்டில் சின்ன மொட்டுகளும் வரும். பெரிய பூவாக வேண்டும் என்றால் பக்க மொட்டுகளைப் பட்டாணி அளவில் இருக்கும்போதே கிள்ளிவிடுவார்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை. பெரிய பூ மழையில் தலை கவிழ்ந்து மண்ணில் புரளும், சின்னதாக நாலு பூ அடுத்தடுத்து வந்தால் வீட்டில் பத்து நாள் கூடுதலாகப் பூ இருக்கும். அவரவர் ஆசை. மொட்டில் எறும்பு மொய்த்தால் மருந்து அடிக்க வேண்டாம். மொட்டின் ஓரத்தில் ஊறும் தேனுக்குத்தான் வருகின்றன, செடிக்கு ஒரு தீங்கும் இல்லை. எறும்பு வந்தால்தான் மொட்டு விரியும் என்று சொல்வார்கள், அதுவும் கதைதான்.

வாடிய பூவை உடனே எடுத்துவிடலாம், முதல் நல்ல இலைக்கு மேலே வெட்டினால் போதும். விதை பிடிக்க விட்டால் செடியின் சத்து அங்கே போகும். பேரப்பிள்ளை தவழ்கிற வயது என்றால் விதையைச் சாக்காக வைத்தே வெட்டச் சொல்லுங்கள். பியோனி வயிற்றுக்கு ஆகாது, வாயில் போடக்கூடாது.

ஜாடிக்கு வெட்டும்போதுதான் பலரும் பேராசைப்படுகிறார்கள். நீளமான தண்டோடு வெட்டினால் அழகுதான், ஆனால் அத்தனை இலையும் கூடவே போகிறது, மறுபடி அந்த ஜனவரிக் கதைதான். தண்டில் இரண்டு இலையாவது செடியில் நிற்கும்படி வெட்ட வேண்டும். ஒரு செடியின் பூக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். உங்கள் செடிகள் இப்போது இளைத்துக் கிடப்பதால் இந்த நவம்பரில் ஜாடிக்கு ஒன்றுகூட வேண்டாம் என்பேன். பிற்காலத்தில் வெட்டும்போது விரியாத மொட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். கோலிக்குண்டு மாதிரி கெட்டியாக இருந்தால் ஜாடியில் விரியாமலே போகும். ஆறிய கொழுக்கட்டை மாதிரி மெத்தென்று அமுங்கினால் சரியான பதம்.

கடைசிக் கேள்வி, ஒரு கிழங்கைக் கொண்டுவரலாமா. கொண்டுவரும் சட்டம் ஒரு பக்கம். தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதி, அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழ் என்று எல்லாம் வேண்டும், பெட்டியில் சுருட்டி வைத்துக்கொண்டு வருகிற காரியம் இல்லை. அதையெல்லாம் செய்தாலும் பிரயோஜனம் இல்லை. அந்த முளை விழிக்க வேண்டுமென்றால் பல வாரம் 5 டிகிரிக்குக் கீழே கிடக்க வேண்டும். இங்கே ஜனவரி அடைமழையில் நாம் ஸ்வெட்டர் தேடுகிற நாளிலும் 21, 22 டிகிரி இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் கிழங்கை வைத்து ஏமாற்றிப் பார்த்தவர்கள் உண்டு. ஒரு தடவை தளிர் வரும், நம் ராத்திரிப் புழுக்கத்தில் வதங்கும், அத்தோடு சரி. 50 வருஷம் வாழ்கிற செடியை ஆறு மாதத்தில் கொல்ல வேண்டாம், அக்கா. அது பல்லாரட்டிலேயே இருக்கட்டும்.

காரிடாரில் வைக்க மல்லிகை இருக்கிறதே. நீங்கள் போன தடவை பூப்பதில்லை என்று சொன்ன குண்டுமல்லிக்கும் இதே கேள்விதான்: பூ எங்கே உட்கார்ந்திருக்கிறது? மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். அதனால் பியோனிக்கு நேர் எதிர் வைத்தியம், வெட்ட வெட்டத்தான் பூ. தமிழ்நாட்டில் நவம்பர் கடைசியில் தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டு மொத்தமாகக் கவாத்து செய்வார்கள், இலையையும் உருவிவிடுவார்கள். நமக்குத்தான் பருவமே கிடையாதே, ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை, இலை ஜோடிக்குச் சற்று மேலே வெட்டுங்கள். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் போகிற மெல்லிய குச்சிகளை முழுசாக எடுத்துவிடுங்கள். என் வீட்டில் ஒன்றரை மாதத்தில் அடுத்த மொட்டு வந்துவிடுகிறது. அரை நாள் வெயிலாவது படுகிற பக்கமாக இருக்க வேண்டும், அது இல்லாமல் எத்தனை வெட்டினாலும் இலைதான். தொட்டியைச் சுவரோரமாக ஒட்டி வையுங்கள், நடைபாதை 1.2 மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி.

நீங்கள் ஜூனில் திரும்பும்போது மல்லிகை கொடியாக நீண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அப்போது வெட்டிக்கொள்ளலாம். பல்லாரட் போனதும் முதல் வேலையாக அந்தக் குச்சிச் செடியின் அடிப்பக்கத்தை மண்ணோடு தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஒட்டு எங்கே இருக்கிறது, அடிக்கன்று வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கத்தரி மற்ற மூன்று செடிகளுக்கு மட்டும்.